பொருள்: லைக்கனுக்குள் இருக்கும் ஒளிச்சேர்க்கைக் கூட்டாளிக்கு என்ன சொல்? (திங்களன்று அச்சுக்குப் போகிறது)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். 11ஆம் வகுப்புத் துணைநூலில் லைக்கன் பகுதி என் பொறுப்பு. பூஞ்சையும் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரும் ஒரே உடலாகச் சேர்ந்து வாழ்வதே லைக்கன். ‘லைக்கன்’ என்ற பெயரைப் பாடநூலில் உள்ளபடியே விட்டுவிட்டேன். சிக்கல் அதன் உள்ளே. ஒரு கூட்டாளி பூஞ்சை. ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சர்க்கரை தரும் மற்றதற்கு மூலத்தில் ‘ஃபோட்டோபயான்ட்’ என்று இருக்கிறது. நான் ‘பாசித்துணை’ என்று எழுதினேன். அந்த இடத்தில் சயனோபாக்டீரியாவும் (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) இருக்கலாம், அது பாசி அல்ல என்று சரிபார்த்தவர் அடித்துவிட்டார். எடுத்துக்காட்டோ பெல்டிஜெரா அஃப்தோசா என்ற லைக்கன். அதன் பச்சை உடலில் காக்கோமிக்ஸா என்ற பசும்பாசி. மேலே கரும்புள்ளிகளாகத் தெரியும் முண்டுகளுக்குள் நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியா. இரண்டும் ஒரே உடலில் இருப்பதால் இரண்டுக்கும் பொதுவான சொல் இல்லாமல் பத்தி நகரவில்லை.

தமிழாசிரியர் (பணி நிறைவு):

சரிபார்த்தவரின் கருத்தை நான் ஏற்கவில்லை. பாசி பசுமையின் அடியாகப் பிறந்த சொல். பாசிலை, பாசடை என முதலெழுத்து நீள்வதை நன்னூல் ‘ஆதி நீடல்’ என்று விதித்திருக்கிறது. பச்சையாகப் படர்வது பாசி, அவ்வளவுதான். குறுந்தொகை 399இல் பரணர் பசலைக்கு ஊருண்கேணிப் பாசியை உவமை சொல்கிறார்: தொடுந்தோறும் நீங்கும், விடுந்தோறும் பரக்கும். அது எந்த வகுப்பைச் சேர்ந்த உயிர் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. சயனோபாக்டீரியாவை ‘நீலப்பசும்பாசி’ என்றுதானே நெடுங்காலம் கற்பித்தோம்? மேலை வகைப்பாட்டில் ஒரு பிரிவு இடம் மாறினால் தமிழ்ச் சொல்லின் பொருள் ஏன் சுருங்க வேண்டும்? பாசறையும் பசுமை வழி வந்ததே என்று சொல்வார்கள். தழை வேய்ந்த அறை. இதை விரிவாக நாளை எழுதுகிறேன். லைக்கனுக்கே ‘பூஞ்சைப்பாசி’ என்று வைக்கலாம். உம்மைத்தொகையாகக் கொண்டால் பூஞ்சையும் பாசியும் என்று விரியும். தெளிவாகவே இருக்கிறது.

தாவரவியல் ஆசிரியை:

ஐயா, பரணருக்கு அது போதும். என் வகுப்புக்குப் போதாது. நான் கேட்கும் முதல் கேள்வியே உட்கரு உண்டா என்பது. காக்கோமிக்ஸாவில் உண்டு, நாஸ்டாக்கில் கிடையாது. வேலையும் வேறு. பசும்பாசி ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைப் பூஞ்சைக்குத் தருகிறது. நாஸ்டாக் மட்டுமே கூட்டாளியாக உள்ள லைக்கன்களில் அது குளுக்கோஸைத் தருகிறது. பெல்டிஜெரா அஃப்தோசாவில் சர்க்கரைக்குப் பசும்பாசி இருப்பதால், முண்டுக்குள் இருக்கும் நாஸ்டாக் நைட்ரஜன் நிலைநிறுத்தத்தில் இறங்கிவிடுகிறது. தனியாக வாழும்போது அதன் இழையில் 20 செல்லுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும் ஹெட்டிரோசிஸ்ட் (நைட்ரஜனை நிலைநிறுத்தும் தனிச் செல்), முண்டுக்குள் 5 செல்லுக்கு ஒன்று என்ற அளவுக்குக் கூடுகிறது. நிலைநிறுத்திய நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாகப் பூஞ்சைக்குப் போகிறது. இரண்டையும் ‘பாசி’ என்றால் பாடத்தின் உயிரே போய்விடும். ஏற்கெனவே செட்டிநாட்டு மசாலாவின் கல்பாசியால் திண்டாடுகிறேன். அது லைக்கன், பெயரை வைத்துப் பிள்ளைகள் ‘பாசி வகை’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலும் பாசியை முன்னொட்டாகக் கொண்ட ‘ஃபைகோபயான்ட்’ இதே காரணத்தால்தான் ஒதுங்கியது. ‘ஒளித்துணை’ என்று வைத்தால் என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட புத்தகங்களில் பங்கசு, அல்கா, இலைக்கன். நீங்கள் ஒளிச்சேர்க்கை எண்டுறதை நாங்கள் ஒளித்தொகுப்பு எண்டுவம். ஆனபடியால் ‘ஒளி’ இரண்டு கரைக்கும் பொது. கூட்டுயிர் வாழ்க்கைக்கு ‘ஒன்றியவாழ்வு’ எண்ட நல்ல சொல் இருக்கு. அதிலிருந்து ‘ஒளியொன்றி’ எடுக்கலாம். இன்னொரு உயிரோடை ஒட்டி, அதைக் கெடுக்காமல் உண்டு வாழுறதுக்கு எங்களிட்டை ‘ஓரட்டிலுண்ணல்’ இருக்கு. ஓர் அட்டிலில், அதாவது ஒரே சமையலறையில், உண்ணல். இப்படிப்பட்ட சொற்களைத் தமிழ்நாட்டு நூல்களில் ஒருக்காலும் எடுத்தாள்வதில்லை எண்ட வருத்தம் எனக்குக் கனகாலமாய் இருக்கு.

ஆய்வு மாணவி:

‘ஓரட்டிலுண்ணல்’ எனக்கு இன்றுதான் தெரிந்தது, நன்றி. ‘துணை’ என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. லைக்கன் ஓர் இரட்டை உயிர் என்று 1867இல் சொன்ன தாவரவியலாளர் சுவென்டனர் பூஞ்சையை எசமானாகவும் பாசியை அடிமையாகவும்தான் பார்த்தார். அன்றைய லைக்கன் அறிஞர் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பத்தாண்டு கழித்து ஃபிராங்கும் அடுத்து டி பாரியும் என்ற அறிஞர்கள் கூட்டுயிர் வாழ்க்கைக்குச் சொல் வகுத்தபோது, வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வதை மட்டுமே குறித்தார்கள். நன்மை தீமை அதில் இல்லை; ஒட்டுண்ணியும் அடக்கம். ‘துணை’ என்றதும் அன்பும் உதவியும் உள்ளே வந்துவிடுகின்றன. தவிர, துணை என்றால் இருவர் என்று தோன்றும். 2016இல் ஸ்பிரிபில் குழுவினர் பல லைக்கன்களின் புறணியில் (வெளி அடுக்கில்) ஈஸ்ட் வகைப் பூஞ்சை இன்னொன்றும் இருப்பதைக் காட்டினார்கள். ‘கூட்டு’ என்றால் எத்தனை பேரும் அடங்குவர். ஆகவே ‘ஒளிக்கூட்டுயிரி’. பூஞ்சைப் பக்கம் ‘பூஞ்சைக் கூட்டுயிரி’.

தமிழாசிரியர்:

ஒளிக்கூட்டுயிரியை எப்படி விரிப்பது? ஒளியோடு கூட்டு வைத்த உயிரி என்றல்லவா முதலில் பொருள்படும்? ஒளியால் உணவாக்கும் கூட்டுயிரி என்று கொள்ள, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று காட்ட வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது எளிது, பாசி கடினமா?

தாவரவியல் ஆசிரியை:

கடினம் என்று நான் சொல்லவில்லை ஐயா. தவறாகப் புரியும் என்றேன். ‘கூட்டுயிரி’ அவர்கள் ஏற்கெனவே படித்த சொல். முன்னால் ‘ஒளி’ வந்தால் பிடித்துக்கொள்வார்கள். என் வாக்கு அதற்கே.

மொழிபெயர்ப்பாளர்:

என்னையும் சேர்த்து மூன்று பேர் ‘ஒளிக்கூட்டுயிரி’, ஒருவர் ‘ஒளியொன்றி’, ஐயா ‘பாசித்துணை’. இன்றிரவு கோப்பை அனுப்ப வேண்டும், ஒளிக்கூட்டுயிரியையே இடுகிறேன். இன்னது என்று பிரித்துச் சொல்லும் இடங்களில் பசும்பாசி, சயனோபாக்டீரியா என்றே இருக்கும். முண்டுக்கு மூலத்தில் ‘செஃபலோடியம்’. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் ‘தலையி’ என்று வைக்க வேண்டாம், ‘முண்டு’ போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் பத்து மணிக்குள்.

தமிழாசிரியர்:

முண்டுக்கு மறுப்பில்லை, நல்ல சொல். ஒளிக்கூட்டுயிரியை நான் ஏற்கவில்லை. சொல்லடைவில் ‘பாசித்துணை’யையும் பக்கத்தில் சேருங்கள். பாசறை மடல் நாளை வரும்.