சிங்கப்பூர் போறீங்க, சரி. லீவை எப்படிப் பிரிக்கப் போறீங்க?

கேள்வி, அம்பாசமுத்திரத்துலேருந்து:

அக்கா, கல்யாணமாகி நாலு மாசம் ஆவுது. எனக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் கெளம்பணும். வீட்ல அவளையும் டிபெண்டன்ட் பாஸ்ல (அங்க வேலை பாக்கவங்க குடும்பத்துக்குக் குடுக்கிற அனுமதி) கூப்பிடலாம்னு இருக்கேன். அங்கன இருக்கும்போதே தாய்லாந்து, வியட்நாம், ஜப்பான்னு நாலு இடம் பாத்துரணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை. "மொத ரெண்டு வருஷம் காசைச் சேருடே, ஊர் சுத்துறதெல்லாம் பொறவு"ங்காவ அப்பா. நீங்க என்ன சொல்லுதீங்க?

பதில்:

தம்பி, கல்லிடைக்குறிச்சில எங்க அம்மா வீட்டு மச்சுல உக்காந்து இதை எழுதுறேன். பக்கத்துல அப்பளம் காயுது. காக்காவையும் விரட்டிக்கிட்டு எழுதுறதால முன்னப்பின்ன இருக்கும், பொறுத்துக்கோங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் சிங்கப்பூர் போயி ஒம்பது வருஷமாச்சு.

அப்பா சொல்றதுல தப்பில்லை. ஆனா அங்க போனதும் காசுக்கு முன்னாடி தீந்துபோறது லீவுதான். சட்டப்படி முதல் வருஷம் 7 நாள்தான் சம்பளத்தோட லீவு, அதுவும் மூணு மாசம் வேலை பாத்த பொறவு. நிறைய கம்பெனி கூடவே குடுக்கும். எங்க வீட்டுக்காரருக்கு 14. அரசு விடுமுறை வருஷத்துக்கு 11. அதுல தீபாவளி உண்டு, பொங்கல் கிடையாது.

எங்க முதல் ரெண்டு வருஷ லீவு எங்க போச்சுன்னு கேளுங்க. கொழுந்தன் கல்யாணம், அதுக்கு மறுவீடு, சுடலைமாடன் கொடை, நெல்லையப்பர் ஆனித் தேருக்கு ஒருக்க. ரெண்டாம் வருஷக் கடைசில கணக்குப் பாத்தா, நாங்க பாத்த வெளிநாடு பக்கத்து மலேசியாவுல இருக்க ஜோகூர் பாரு ஒண்ணுதான். அதுவும் சாமான் வாங்கப் போனது. அன்னைக்கு ராத்திரி காலண்டரை எடுத்துக் கோடு போட்டோம்: 8 நாள் ஊருக்கு, 6 நாள் எங்களுக்கு. ஊர்க்கணக்கு தீந்துட்டுதுன்னா எவ்வளவு நெருங்கின சொந்தத்துல கல்யாணம்னாலும் மொய் மட்டும்தான் போகும். (துஷ்டி வேற, அதுக்குக் கணக்கு பாக்கிறதில்லை.)

இந்தக் கோட்டைப் போன முதல் மாசமே போட்டு, வீட்லயும் சொல்லிருங்க. நடுவுல போட்டா ஊர்ல இருக்கவங்களுக்கு வேற மாதிரித்தான் தெரியும். "ஊருக்கு வர லீவு இல்லையாம், பாங்காக் போவ மட்டும் லீவு இருக்காக்கும்?"னு எங்க மாமனார் மூணு மாசம் போன்ல முகங்குடுத்துப் பேசல. அவுக கதைக்குப் பொறவு வாறேன்.

கெளம்புறதுக்கு முன்னால இங்கயே முடிக்க வேண்டியது சிலது இருக்கு. கல்யாணத்தைப் பதிஞ்சாச்சா? கோயில் ரசீதும் பத்திரிகையும் போதாது, பதிவு பண்ணின சர்டிபிகேட் இருந்தாத்தான் டிபெண்டன்ட் பாஸ். தமிழ்நாட்டுல 90 நாளுக்குள்ள பதியணும், விட்டா கூடுதல் கட்டணத்தோட இன்னும் 60 நாள். நாலு மாசம்னு எழுதியிருக்கீங்க. பதியலைன்னா இதைப் படிச்சு முடிச்ச கையோட சார்பதிவாளர் ஆபீசுக்குப் போங்க. அந்தப் பாஸுக்கு உங்க நிரந்தரச் சம்பளமும் மாசம் 6,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது. அங்க டாலரைத் தமிழாளுக வெள்ளின்னுதான் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, தங்கச்சிகிட்ட இப்பவே சொல்லிருங்க. 2021 மே-லேருந்து அந்தப் பாஸ்ல வாறவங்க சம்பள வேலைக்குப் போகணும்னா தனியா வொர்க் பாஸ் எடுக்கணும். அந்த விதி வாறதுக்கு முன்னால போன நானே பதினோரு மாசம் வீட்லதான் இருந்தேன். எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் போன பொறவு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தப்பதான் படகு நேரம், பஸ் நம்பர்னு எழுத ஆரம்பிச்சேன். எங்க பயணமெல்லாம் அந்த நோட்டுலேருந்து வந்ததுதான்.

அடுத்து பேரு. நம்மாளுகளுக்கு இனிஷியல்தானே. என் பழைய பாஸ்போர்ட்ல என் பேர் மட்டும் இருக்கும், குடும்பப் பேர் கட்டம் காலி. டிக்கெட் போடுற இடத்துல அந்தக் கட்டத்தைக் காலியா விட முடியாது. இவுக ஒரு டிக்கெட்ல என் இனிஷியலைப் போட்டாக, இன்னொண்ணுல தன் பேரைப் போட்டாக. ஏர்போர்ட் கவுண்டர்ல அந்தப் பொண்ணு டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பாக்கா, பின்னால வரிசை நீளுது, எனக்கு வேர்த்துக் கொட்டுது. கடைசில ஏத்தி விட்டாங்க, ஆனா நாப்பது நிமிஷம். பாஸ்போர்ட் புதுசா எடுக்கிறதா இருந்தா திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவுலயே இனிஷியலை விரிச்சு அப்பா பேரைக் குடும்பப் பேரா போட்டுருங்க. ஒரே சங்கடம், வெளிநாட்டுல எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எங்க அப்பாவை எதுக்குக் கூப்பிடுதாங்கன்னு நான் ரொம்ப நாள் முழிச்சிருக்கேன்.

பேங்க்ல சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்கா (வெளிநாட்டுல இருக்கவங்க ஊர்ல வச்சுக்கிற கணக்கு) மாத்தச் சொல்லிருங்க. அவ்வளவுதான்.

கேள்வி:

பதிஞ்சாச்சு அக்கா, போன மாசமே! முதல்ல எங்க போறது, எந்த மாசம் போறது?

பதில்:

நல்ல காரியம். முதல் ஆறு மாசம் பஸ்ஸும் படகும் போதும். ஜோகூர் பாருக்கு உட்லண்ட்ஸ் பாலம் வழியா பஸ் இருக்கு. 1924-ல திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஆனா நீண்ட வார இறுதில அந்த ஒரு கிலோமீட்டருக்கு மூணு மணி நேரம் நின்னிருக்கோம். செவ்வாய், புதன்ல போங்க. மலேசியாவுக்குள்ள போறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல வருகை அட்டை நிரப்பிக்கணும்.

படகுன்னா சிங்கப்பூர் ஹார்பர்ஃப்ரண்ட் படகுத்துறையிலேருந்து இந்தோனேசியாவோட பாத்தாம் தீவு, ஒரு மணி நேரம். அங்கன இறங்கினதும் ஒண்ணு உறைக்கும். கூட வந்த சிங்கப்பூர்க்காரங்க விசா இல்லாம நேரா போவாங்க, நாம ஆளுக்கு 500,000 ரூப்பியா கட்டி விசா ஒட்டணும். சிங்கப்பூர் பாஸ் கையில இருந்தாலும் நம்மது இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆபீஸ்ல ஒருத்தர் "ஜப்பானுக்கு விசா வேண்டாமே"ன்னா அது அவருக்கு. டிக்கெட் போடுறதுக்கு முன்னால அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தைப் பாருங்க, போன வருஷ விதி இந்த வருஷம் இருக்காது.

பாத்தாம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பிந்தி. இது தெரிஞ்சும் நாங்க ஏமாந்தோம். திங்கக்கிழமை காலைல 7 மணிப் படகு, எட்டுக்கு இறங்கி ஒம்பதுக்கு ஆபீஸ்னு இவுக கணக்கு. அங்க ஏழுன்னா இங்க எட்டு. இமிக்ரேஷன் வரிசையில நிக்கும்போது மணி ஒம்பதே கால். முதுகுல பை, காலுல கடல் மணல், அப்படியே ஆபீசுக்கு ஓடினாக.

எந்த மாசம்னு கேட்டீங்கல்லா? நம்ம பக்கத்து ஆளுக்கு இது ரொம்ப லேசு. குற்றாலத்துல சாரல் விழுதா? அதே தென்மேற்குக் காத்துதான் அந்தமான் கடல் பக்கமும் அடிக்குது. அப்ப தாய்லாந்துல புக்கெட், கிராபி பக்கம் போகாதீங்க; கடல் ஏறி அடிக்கும். அந்த மாசங்கள்ல மலேசியாவோட கிழக்குக் கரைத் தீவுக நல்லா இருக்கும், தியோமான், பெர்ஹெந்தியான். ஐப்பசி, கார்த்திகைல தாமிரபரணி கரைமுட்ட ஓடும்போது அப்படியே திருப்பிப் போடுங்க. கிழக்குக் கரைல அடைமழை, நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் அந்தத் தீவுகள்ல விடுதியைப் பூட்டிருவாங்க. அப்ப தாய்லாந்தோட மேற்குப் பக்கம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லல. ஆனி மாசம் புக்கெட் போயி மூணு நாள் அறைக்குள்ளயே மழையைப் பாத்துக்கிட்டு இருந்தோம். "இதுக்கு ஐந்தருவிக்குப் போயிருந்தா குளிக்கவாச்சும் செஞ்சிருக்கலாம்"னாக இவுக.

வியட்நாமுக்கு இ-விசா, ஒரு தடவை நுழைய 25 அமெரிக்க டாலர். அங்க நோட்டைப் பாத்துக் குடுங்க. 20,000 டாங்கும் நீலம், 500,000 டாங்கும் நீலம். நான் இளநீருக்குப் பெரிசை நீட்ட, அந்த அம்மா என் கையில ஒரு தட்டு தட்டித் திருப்பிக் குடுத்தா. புண்ணியவதி. ஹோ சி மின் நகரத்துல பென் தான் சந்தைக்குப் பக்கத்துலயே மாரியம்மன் கோயில் இருக்கு, வியட்நாம்காரங்கதான் கூட்டமா நின்னு கும்பிடுதாங்க. ஜப்பானை மூணாவது வருஷத்துக்கு வையுங்க. விசாவுக்குச் சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு எல்லாம் காட்டணும்.

கேள்வி, தம்பி வீட்டுக்காரி:

அக்கா, நான் சைவம். முட்டைகூட கிடையாது. இதெல்லாம் நடக்குமா?

பதில்:

நானும் சைவம்தான்மா, நடக்கும். கேட்டுச் சாப்பிடணும், அவ்வளவுதான். என் கதையைக் கேளு. ஜோகூர்ல ஒரு கடைல லொந்தோங்னு ஒரு தட்டு பாத்தேன். அரிசிக் கட்டி, மேல மஞ்சளாத் தேங்காப்பால் குழம்பு, உள்ள கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். வாசம் வந்ததும் எனக்கு மறுவீட்டுச் சொதி ஞாபகம். ஊரை விட்டு ஆறு மாசம், கண்ணுல தண்ணியே வந்துட்டு. ரெண்டு வாய் சாப்பிட்டேன். மூணாவது வாய்ல பல்லுக்கிடையில என்னமோ கடுக்குன்னுச்சு. இவுக, "தேங்காத் துண்டா இருக்கும், சாப்பிடு"ங்காக. எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாக்கேன், குட்டியா, வளைஞ்சு, கண்ணோட. கூனி இறால்! அந்தக் குழம்புக்கு மசாலா அரைக்கும்போதே காஞ்ச கூனியைச் சேத்துருவாங்களாம். காய் மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சா சைவம்னு நினைச்சது என் தப்பு.

அதனால "கறி வேண்டாம், மீன் வேண்டாம்"னு சொன்னா போதாது. அவங்களுக்கு மீன் சாறு நமக்குப் பெருங்காயம் மாதிரி. தாய்லாந்துல "ஜே"ன்னு கேளு. மஞ்சள் கொடில சிவப்பா எழுதியிருக்கும், அதுல வெங்காயம் பூண்டுகூட இருக்காது. நவராத்திரியை ஒட்டி ஒம்பது நாள் புக்கெட்ல ஊரே ஜே சாப்பிடும், நமக்குக் கொண்டாட்டம். வியட்நாம்ல "சாய்"னு எழுதின கடை. ஜப்பான்தான் கஷ்டம், வெறும் காய் வேகவச்ச தண்ணிலகூட காஞ்ச மீன் சாறு இருக்கும்.

கையில இட்லி மிளகாப்பொடியும் புளிக்காச்சலும் போதும், சோறு எங்கயும் கிடைக்கும். சில பேரு குக்கரையே தூக்கிட்டு அலையுதாங்க, அது கோட்டித்தனம். ஊர்லேருந்து மசாலா கட்டும்போது கசகசா வேண்டாம். சிங்கப்பூர்ல அதைப் போதைப்பொருள் கணக்குல பிடிச்சிருவாங்க. பொயிலையும் ஆகாது. அல்வாவைக் கைப்பையில வைக்காம பெரிய பெட்டில போடு; கைப்பையில இருந்தா அது திரவமா திடமான்னு சோதனையில ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

கேள்வி, மறுபடி தம்பி:

அப்பா இப்பவும் அரைமனசாத்தான் இருக்காவ. அவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போகலாமா?

பதில்:

கண்டிப்பா. அதோட உங்க அப்பாகிட்ட இதையும் சொல்லுங்க: கடையநல்லூர், தென்காசி ஆளுக அந்தக் காலத்துலயே குடும்பம் குடும்பமா சிங்கப்பூருக்குக் கப்பலேறினவங்க. 1941-லயே அங்க கடையநல்லூர் முஸ்லிம் லீக் வச்சு, 1946-ல உமறுப் புலவர் பேர்ல தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடத்தினாங்க. நம்ம பக்கத்துக்கு அது புது ஊர் இல்லை.

எங்க மாமனார் கோவம் தீந்தது கம்போடியாவுல. அவுகளையும் அத்தையையும் அங்கோர் வாட் கோயில் பாக்க சியெம் ரீப்புக்குக் கூட்டிட்டுப் போனோம். (இந்தியாலேருந்து வாறவங்களுக்கு சிங்கப்பூருக்கே விசா வேணும், கம்போடியா போயிட்டுத் திரும்ப நுழையவும் அது செல்லுமான்னு முதல்லயே பாத்துக்கோங்க.) அங்கோர் டிக்கெட் ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டாலர், மூணு நாளுக்கு 62. வயசானவங்கன்னா மூணு நாள்தான் எடுக்கணும், வெயில் நம்ம சித்திரை மாதிரி.

மாமா வேட்டி கட்டித்தான் வந்தாக. அங்கோர் வாட் வாசல் மேற்குப் பாத்து இருக்குதேன்னு முதல்லயே ஒரு சந்தேகம் அவுகளுக்கு. பாற்கடல் கடையுற சிற்பம் பக்கத்துல அரை மணி நேரம் நின்னு, அசுரர் 92, தேவர் 88-ன்னு வழிகாட்டி சொன்னதை நம்பாம விரலை விட்டு எண்ண ஆரம்பிச்சாக, நாப்பதோட குழம்பிட்டாக. பொறவு ஒரு தூணுகிட்டப் போயி விரலை மடக்கித் தட்டினாக. காவலாளி ஓடி வந்து கூடாதுங்கான். மாமா என்கிட்ட, "நம்ம நெல்லையப்பர் கோயில் தூண்ல தட்டினா ஸ்வரம் வரும்லா, இங்கன வருதான்னு பாத்தேன்"ங்காக. நான் அதை வழிகாட்டிகிட்டச் சொன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே எங்களை ஒரு சின்ன இருட்டு அறைக்குக் கூட்டிட்டுப் போயி, சுவத்துல முதுகைச் சாச்சு நெஞ்சுல ஒரு குத்து குத்தினான். அறையே தும்முனு அதிர்ந்தது. கை தட்டினா ஒண்ணும் இல்லை, நெஞ்சைத் தட்டினாத்தான். மாமா சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, சாஞ்சு நின்னு, ஒரு குத்து. கண்ணு விரிஞ்சுட்டு. அத்தையையும் கூப்பிட்டு நிறுத்தினாக. "போதும், நெஞ்சு வலிக்கப் போவுது"ன்னு அத்தை வஞ்சாக.

திரும்பி வந்ததும் ராத்திரி சாப்பிடும்போது கேட்டாக: "அடுத்த வருஷம் அந்த ஆறு நாள்ல எங்க போறீங்க?"

அங்கோர் வாட் உச்சி மண்டபத்துக்கு மட்டும் அவுக ஏறல, படி செங்குத்து. புத்தருக்கு விசேஷமான நாள்ல அதை மூடியும் வச்சிருப்பாங்க, விசாரிச்சுக்கிட்டுப் போங்க.

அவங்க விமானத்துக்கு மெட்ராஸ் வரைக்கும் அலைக்கழிக்காதீங்க. மதுரை இல்லைன்னா திருவனந்தபுரம், எது டிக்கெட் கம்மியோ அது. நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கதான் இருக்கேன். உங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு ஆத்துப் பாலத்தைத் தாண்டி வாங்க, பேர்க் கட்டத்தை நான் பாத்துச் சொல்லுதேன். சாயங்காலமா வாங்க, பகல்ல அப்பளம்.