மின்னஞ்சல் விளம்பரத்தில் வாடிக்கையாளரை எப்படிப் பெயர் சொல்லி விளிப்பது?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை):
எம்.சி. ரோட்டில் எங்கள் குடும்பம் நடத்தும் புடவைக் கடையின் ஆடித் தள்ளுபடி அறிவிப்பைச் சுமார் 1,800 பேருக்கு முதன்முறையாக மின்னஞ்சலில் அனுப்பினோம். பில் போடும்போது வாங்கிய பெயர்களை மென்பொருளே எடுத்து "வணக்கம்" என்பதற்குப் பின் சேர்த்துவிடும் என்றார்கள். ஆனால், பிள்ளைகள் மூவரின் கல்யாணத்துக்கும் எங்களிடமே முகூர்த்தப் புடவை எடுத்த பெரியவருக்கு, "வணக்கம் எஸ்" என்று இன்ஷியல் மட்டும் போயிருக்கிறது. அவர் கடைக்கே வந்து கைப்பேசியை நீட்டிக் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. தீபாவளி அறிவிப்பில் பெயரையே எடுத்துவிடலாமா?

பதில் (தண்டையார்பேட்டை):
ஐயா, அந்த மென்பொருள்கள் பெயரின் முதல் சொல்லைத்தான் அழைக்கும் பெயராக எடுத்துக்கொள்கின்றன. நம் பகுதியிலோ தமிழருக்குத் தந்தை பெயரும் தெலுங்குக் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயரும் இன்ஷியலாக முன்னால் நிற்கின்றன. சௌகார்பேட்டை மார்வாடிகளுக்குக் குடும்பப் பெயர் கடைசியில் வருகிறது. முதல் சொல்லை மட்டும் எடுத்தால் முகமது இஸ்மாயிலும் முகமது யூசுப்பும் ஒரே "முகமது" ஆகிவிடுவார்கள். பெயரை வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். பெயர் இல்லாதவர்களுக்கு "வாடிக்கையாளர்" என்ற மாற்றுச் சொல்லை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள்.

பதில் (ராயபுரம்):
முழுப் பெயர் போட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. மென்பொருள் பெயரை நிரப்பும் கட்டத்தை ஒட்டி "க்கு" என்று எழுதினால் "முருகன்க்கு", "செல்வம்க்கு" என்றே போகும். முருகனுக்கு, செல்வத்துக்கு என்று மாற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. "அவர்களுக்கு" என்பதைத் தனிச் சொல்லாகச் சேர்த்தால் எந்தப் பெயரும் உருமாற வேண்டியதில்லை, மரியாதையும் குறையாது. திரு, திருமதி என்று ஊகித்துப் போடவே வேண்டாம். திருமணமாகாத என் அக்கா, "திருமதி" என்று தொடங்கும் விளம்பரங்களைப் படிக்காமலே அழித்துவிடுகிறார்.

பதில் (பெரம்பூர்):
பில்லுக்காக வாங்கிய முகவரிக்கு விளம்பரமும் வரும் என்று கவுண்டரில் சொன்னீர்களா? எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. ஸ்பேம் (வேண்டாத அஞ்சல்) என்று புகார் செய்வோர் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று ஜிமெயில் 2024-இல் விதித்திருக்கிறது. உங்கள் 1,800 பேரில் ஐந்தாறு பேர் அப்படிக் குறித்தாலே அந்த அளவு வந்துவிடும். விலகுவதற்கான இணைப்பைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "டெய்லர் அக்கா" என்றும், "மூலக்கடை" என்று வெறும் ஏரியா பெயரையும் கவுண்டரில் அடித்து வைத்திருக்கிறார்கள். கடைக்கு வருபவர்களிடம் பெயரையும் சம்மதத்தையும் கேட்டுத் திருத்தப்போகிறேன். யாருடைய விவரம் அதற்குள் திருத்தி முடியவில்லையோ, அவர்களுக்குத் தீபாவளி அறிவிப்பு போகாது.