பாதியில் நின்ற அடுக்குமாடியை அரசு முடித்துத் தர வேண்டுமா?

நிலைப்படி:
வேறோர் இழையில் தொடங்கிய பேச்சு திசைமாறிவிட்டதால் தனியாகத் திறக்கிறேன். நகர மையத்தில் உயர்ந்த கட்டடம் ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது. வட்டி ஏறிவிட்டது, முன்பதிவு படுத்துவிட்டது, கட்டுநர் கைவிரித்துவிட்டார். இந்த நிலையில் அரசோ மாநகராட்சியோ பணம் போட்டு வேலையை முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஊரின் நடுவில் தகரவேலி போட்டு ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் நடைபாதை போகிறது, பக்கத்துக் கடைகளின் வியாபாரம் போகிறது, யாருக்கும் ஒரு பைசா லாபமில்லை. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில்தான் திறக்கப்பட்டது. பாதிக்கு மேல் காலி என்று ஊரே சிரித்தது. இன்று யார் சிரிக்கிறார்கள்? கட்டி முடித்தால் ஆள் வருவார்கள்.

வட்டிக்கணக்கு:
இந்த விவாதம் எங்கே நடந்தாலும் எம்பயர் ஸ்டேட் வந்துவிடுகிறது. அது பாதியில் நிற்கவே இல்லை ஐயா. ஓராண்டுக்குச் சற்றே அதிகமான காலத்தில் எழுந்து முடிந்தது. லாபம் பார்க்க 1950கள் வரை ஆனது. அதுவரை தாங்கப் பெருஞ்செல்வந்தர்கள் பின்னால் இருந்தார்கள். நாம் பேசுவது தாங்க ஆளில்லாத கட்டடங்களைப் பற்றி.

கடன் கொடுக்கும் பக்கத்தில் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன். கட்டடம் நிற்பதற்குக் காரணம் பணம் இல்லாதது என்பது பாதி உண்மை. அதில் ஏற்கெனவே போட்ட பணத்தின் கணக்கு இன்றைய விலையோடு பொருந்தவில்லை. பத்து ரூபாய் போட்டாயிற்று, இன்னும் பத்து போட வேண்டும், முடிந்த பின் பதினைந்துக்குத்தான் விற்கும் என்றால் எவன் அடுத்த பத்தைப் போடுவான்? பழைய பத்து ஐந்தாகக் குறைந்தால் போடுவான். அந்தக் குறைப்பை வங்கி கணக்கில் எழுத மறுக்கிறது. தவணையை நீட்டி, கடன் நன்றாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டே போகிறது. கட்டடம் அதுவரை நிற்கிறது.

சிகாகோவில் வாட்டர்வியூ டவர் 2008இல் 26 தளங்களோடு நின்றது. ஹோட்டலும் சொகுசு வீடுகளுமாகத் தொண்ணூறு தளம் போகவேண்டியது. புதியவர்கள் அதை வாங்கி, திட்டத்தைக் குறைத்து, 60 தள வாடகைக் குடியிருப்பாக 2014இல் திறந்தார்கள். லண்டனில் பினாக்கிள் என்ற கோபுரம் ஏழு தள உயரக் கான்கிரீட் தண்டோடு 2012இல் நின்றது. ‘ஸ்டம்ப்’, அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, என்று ஊரார் பெயரே வைத்துவிட்டார்கள். நிலம் கைமாறியது, தண்டை இடித்தார்கள், அதே இடத்தில் 62 தளங்களோடு 22 பிஷப்ஸ்கேட் 2020இல் முடிந்தது. அரசு இதில் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கவில்லை. நட்டத்தை யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

கம்பிக்கட்டு:
வட்டிக்கணக்கு ஐயா, கைமாறும்வரை அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எழுதவில்லையே. நான் கட்டுமானப் பொறியாளன். நின்றுபோன தளத்துக்குப் போய் ஆய்வு செய்து அறிக்கை எழுதுவதும் என் வேலையில் சேர்த்தி.

முதலில் தூண் தலைகளைப் பார்ப்போம். அடுத்த தளத்துக்காக நீட்டிவிட்ட கம்பிகள் மழையிலும் வெயிலிலும் கிடக்கும். துரு செதில் செதிலாக உரிந்து வந்தால் கம்பியின் விட்டமே குறைந்துபோயிருக்கும். நிறுத்தும் நாளில் சிமென்ட் பால் அடித்து, சிமென்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட் போட்டு மூடினால் தப்பிக்கும். சம்பளம் வராமல் வேலையை விட்டவர்கள் அதைச் செய்துவிட்டா போவார்கள்? மீண்டும் தொடங்கும்போது கெட்ட கம்பியை வெட்டி எறிந்து, கான்கிரீட்டில் துளை போட்டு, ரசாயனப் பசை ஊற்றிப் புதுக் கம்பி நட வேண்டும். ஒவ்வொரு தூணிலும், ஒவ்வொரு கம்பிக்கும்.

கீழ்த்தளங்கள் இதைவிட மோசம். மூன்று நான்கு தளம் பூமிக்குள் போனால் நிலத்தடி நீர் அடியிலிருந்து மேலே தள்ளும். மேலே போதிய தளங்கள் எழுந்து எடை ஏறும்வரை இரவும் பகலும் பம்ப் ஓட வேண்டும். டீசல் பாக்கி என்று பம்பை நிறுத்தினால் முழுக் கீழ்த்தளமும் காலிப் பெட்டி மிதப்பதுபோல மேலே எழும்பப் பார்க்கும். தரைப்பலகை வெடிக்கும், பூமிக்குள் ஆழமாக இறக்கிய பைல் தூண்களின் தலைகள் பிடுங்கிக்கொள்ளும். குழி மட்டும் தோண்டி நின்ற இடத்தில் ஆபத்து வேறு மாதிரி. பக்கவாட்டு மண்ணை இழுத்துப் பிடிக்கும் தற்காலிக நங்கூரங்கள் பெரும்பாலும் இரண்டாண்டுப் பயன்பாட்டுக்கு வடிவமைக்கப்படுபவை. அந்த மண்ணின் மேல் சாலை இருக்கிறது, குடிநீர்க் குழாய் இருக்கிறது, பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளம் இருக்கிறது.

ஆகவே ஏலம் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் இழுக்கட்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது. முதல் மாதமே யாராவது பம்ப் செலவைக் கட்டியாக வேண்டும்.

வட்டிக்கணக்கு:
இழுக்கட்டும் என்று நான் எங்கே சொன்னேன்? சீக்கிரம் விற்றுத் தொலையுங்கள் என்றுதான் சொல்கிறேன். சொத்தைப் பாதுகாக்கும் செலவுக்குத் திவால் நடைமுறைகளில் பொதுவாக முன்னுரிமை உண்டு. பம்புக்குக் கட்டியவருக்கு விற்ற பணத்தில் முதலில் கிடைக்கும்.

ஒதுக்கீட்டுக்கடிதம்:
விற்ற பணத்தில் முதலில் பம்புக்காரருக்கு, பிறகு வங்கிக்கு. எனக்கு எப்போது ஐயா?

அப்படி ஒரு கட்டடத்தில் வீட்டுக்குப் பணம் கட்டியவன் நான். கட்டுநர் பெயர் இங்கே வேண்டாம், வழக்கு நடக்கிறது. மாதம் பிறந்தால் வீட்டுக் கடன் தவணையும் கட்டுகிறேன், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் கட்டுகிறேன். வங்கியிடம் நிலம் ஈடாக இருக்கிறது. என்னிடம் இருப்பது ஓர் ஒதுக்கீட்டுக் கடிதம். அதில் கதவு எண் போட்டிருக்கிறார்கள், கார் நிறுத்துமிடத்தின் எண்ணும் போட்டிருக்கிறார்கள். அந்தத் தளத்தைத்தான் இன்னும் போடவில்லை.

‘நட்டத்தை யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டார்’ என்று கடந்துபோகிறீர்கள். கடைசி வரிசையில் நிற்பவன்தான் அந்த யாரோ ஒருவர். சீனாவில் 2022 ஜூலையில் கட்டி முடியாத வீடுகளுக்குத் தவணை கட்ட மாட்டோம் என்று வாங்கியவர்கள் ஊர் ஊராகக் கடிதம் வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் வீடுகளை முடித்து ஒப்படைப்பது அங்கே அரசின் தலையாய கவலையானது. இந்தியாவில் ஆம்ரபாலி என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் அதற்கிருந்த பதிவையே ரத்து செய்து, மீதி வேலையை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் கொடுத்தது. வீட்டுச் சாவி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சந்தையிடம் விட்டிருந்தால் கிடைத்திருக்குமா?

வட்டிக்கணக்கு:
உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் ஆம்ரபாலியில் வாங்கியவர்கள் தாங்கள் கொடுக்கவேண்டிய பாக்கியையும் கட்டித்தான் வேலை நடந்தது. இலவசமாக யாரும் முடித்துக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே வீடு வாங்கியவர்களின் குடியிருப்பும், ஒருவர்கூட முன்பதிவு செய்யாத அலுவலகக் கோபுரமும் ஒன்றில்லை. இழையைத் தொடங்கியவர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்.

அல்லி:
அரசு எடுத்தால் முடியும் என்பதில் எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கையா? வெனிசுவேலாவின் கராகஸில் 45 தள டேவிட் கோபுரம் 1990இல் தொடங்கியது. பணம் போட்டவர் 1993இல் இறந்தார், அடுத்த ஆண்டு வங்கி நெருக்கடி, கட்டடம் அரசின் கைக்குப் போனது. முடிந்ததா? 2007இல் வீடற்றவர்கள் உள்ளே புகுந்து, லிஃப்ட் இல்லாத தளங்களில் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பிக் குடும்பம் நடத்தினார்கள். அந்தக் கட்டடத்துக்கு யாராவது உருப்படியாக ஏதாவது செய்தார்கள் என்றால் அவர்கள்தான். அவர்களையும் 2014 முதல் வெளியேற்றிவிட்டார்கள். வடகொரியாவின் பியோங்யாங்கில் 105 தள ரியூக்யோங் ஹோட்டல் முழுக்க அரசுக் கட்டடம். 1987இல் தொடங்கி 1992இல் நின்றது, பிறகு கண்ணாடி போர்த்தினார்கள், விருந்தினர் ஒருவர்கூடத் தங்கவில்லை.

நகரத் திட்டமிடலில் இருப்பவள் என்ற முறையில் எனக்கு உறுத்துவது வேறு. இத்தனை தளம் எதற்கு என்று அனுமதி கொடுக்கும்போது யாரும் கேட்பதில்லை. உயரத்துக்கான அனுமதி கிடைத்தவுடனே நிலத்தின் மதிப்பு ஏறிவிடுகிறது. அதைக் காட்டிக் கடன், கடனைக் காட்டி அடுத்த நிலம். கட்டுவது அவசரமில்லாமல் போய்விடுகிறது. அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் போதும்.

நிலைப்படி:
வடகொரியாவைக் காட்டிப் பயமுறுத்தினால் என்ன செய்வது! சரி, அரசு ஒதுங்கியே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். பொதுப்பணம் மிச்சமாகிறதா? லாஸ் ஏஞ்சலிஸில் ஓஷன்வைட் பிளாசா என்ற கோபுரத் தொகுதி 2019 தொடக்கத்தில் பாதியில் நின்றது. 2024இல் இளைஞர்கள் ஏறி இருபத்தைந்து தளங்களுக்கு மேல் வண்ணம் தெளித்து எழுதித் தீர்த்தார்கள். வேலி போடவும் காவலுக்கும் மட்டும் மாநகராட்சி 38 லட்சம் டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் ஒரு தளம்கூட எழவில்லை. செலவு எப்படியும் நம் தலையில்தான், பலனோடு செலவழிப்போம் என்கிறேன்.

வட்டிக்கணக்கு:
வேலிக்குச் செலவழிப்பதும் கோபுரத்துக்குச் செலவழிப்பதும் ஒரே அளவா? தவிர, அரசு எப்படியும் வந்து காப்பாற்றும் என்று தெரிந்தால் அடுத்த கட்டுநர் இன்னும் இருபது தளம் கூட்டிப் போடுவார். அடுத்த வங்கி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடும்.

அல்லி:
அதனால்தான் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்கிறேன். குழி தோண்டுமுன் கட்டுநர் ஒரு பிணைத் தொகை கட்டட்டும். வேலை குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நின்றால் மாநகராட்சி அதை எடுத்துத் தளத்தைப் பாதுகாப்பாக மூடும். அனுமதியும் அத்தோடு காலாவதியாகட்டும். சிகாகோவில் 2,000 அடி உயரத்துக்குத் திட்டமிட்ட ஸ்பையர் என்ற கோபுரம் 2008இல் நின்று, 76 அடி ஆழக் குழியை விட்டுப்போனது. மூடுவதற்கான காசாவது முதலிலேயே கையில் இருக்க வேண்டாமா?

வட்டிக்கணக்கு:
பிணை என்றால் அதற்கும் வட்டி, அதையும் வீட்டு விலையில் ஏற்றுவார்கள். சின்னக் கட்டுநர்கள் களத்தை விட்டே போய்விடுவார்கள். மிஞ்சுகிற நான்கு பெரியவர்களில் ஒருவர் விழுந்தால் ஊரே விழும்.

கம்பிக்கட்டு:
நகர மையத்தில் நான்கு தளக் கீழ்த்தளம் தோண்ட வருபவரைச் சின்னக் கட்டுநர் என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அல்லி அம்மா, பிணையைக் கணக்கிடும்போது குழியை மூடும் செலவோடு நிறுத்தாதீர்கள். இரண்டாண்டு பம்ப், நங்கூர ஆய்வு, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு, டவர் கிரேனைக் கழற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர வேண்டும். கிரேனை யாரும் நினைப்பதே இல்லை. வாடகை பாக்கியில் அது மேலேயே நிற்கும், புயல் எச்சரிக்கை வந்த பிறகுதான் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

ஒதுக்கீட்டுக்கடிதம்:
அந்தப் பட்டியலில் வாங்கியவர்களின் பணத்தையும் சேருங்கள். இந்தியாவின் 2016 ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. வேலை எவ்வளவு நடந்ததோ அவ்வளவுக்குத்தான் எடுக்கலாம். நான் பணம் கட்டிய இடத்தில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு இருந்திருந்தால் என் பணம் வேறெங்கோ நிலமாக மாறியிருக்காது. வட்டிக்கணக்கு ஐயா, நீங்கள் சொல்கிற அந்த விற்பனை நடக்கட்டும், நான் தடுக்கவில்லை. வாங்குகிறவர் எங்கள் ஒதுக்கீட்டை அப்படியே ஏற்க வேண்டும் என்று ஏல நிபந்தனையில் எழுத உங்கள் வங்கிக்காரர்கள் சம்மதிப்பார்களா?

வட்டிக்கணக்கு:
எழுதினால் ஏல விலை இறங்கும்.

ஒதுக்கீட்டுக்கடிதம்:
விலை இறங்கட்டும் என்றுதானே நீங்கள் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?