கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களும் ஒரே நாளில் 122 பேரும்: கடலூர் மாவட்டத்தார் விவாதம்

மஞ்சக்குப்பம் ஆசிரியர் | 2020 மே 5, காலை 7.40

கொரோனா தொற்று பற்றி நேற்று மாலை வெளியான அரசின் அறிக்கையைப் படித்த பிறகு இரவு முழுவதும் எனக்கு உறக்கம் வரவில்லை. ஏப்ரல் கடைசி வாரம் வரை நம் மாவட்டத்தில் தொற்று கண்டவர்கள் முப்பது பேரைத் தாண்டவில்லை. நேற்று ஒரே நாளில் 122 பேர். மாநிலம் முழுவதற்குமான 527 பேரில் சென்னைக்கு 266 என்றால், அதற்கு அடுத்த இடத்தில் கடலூர் நிற்கிறது. மார்ச் 25 முதல் நாற்பது நாள்களுக்கும் மேலாக வாசற்படியைத் தாண்டாமல் இருந்தோமே, அதன் பயன் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

என் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஊரடங்கு என்றாலும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க முடியாது. எந்தத் தெருவில் யாருக்குத் தொற்று இருக்கிறது என்று தெரியாமலேயே அவளை ஆட்டோவில் ஏற்றிச் செல்கிறேன். ஆகவே என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். தொற்று உறுதியானவர்களின் பெயர், தெரு இரண்டையும் மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். தொற்று பரவிய சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையிலிருந்து லாரிகளில் மூட்டைகளுக்கு இடையே உட்கார்ந்து வந்து சேர்ந்தவர்கள் பதினான்கு நாள்கள் முடியும் வரை ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. ஊர் எல்லையில் வழியை அடைக்கிற கிராமத்தாரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பலாத்தோப்பு | மே 5, காலை 9.15

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்கிறவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பண்ருட்டிக்கு மேற்கே உள்ளவன். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புதிதாக வைத்த கன்று காய்க்கும் வரை வயிறு காத்திருக்காது என்பதால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதன் பிறகுதான் கோயம்பேட்டுக்கு மூட்டை தூக்கப் போனார்கள். கடைத் திண்ணையிலேயே படுத்து, சந்தைக்கு உள்ளேயே சாப்பிட்டு, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள் அவர்கள். சென்னையில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் அதற்கு முந்தைய நாள் மக்கள் சந்தையை மொய்த்தார்கள். அந்த நெரிசலில் மூட்டை தூக்கியவர்களும் இவர்களே. பிறகு வேலையும் இல்லை, சோறும் இல்லை என்றானபோது, சொந்த ஊரைத் தவிர அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

கடந்த சனிக்கிழமை விடியற்காலையில் எங்கள் ஊர் இளைஞன் ஒருவன் வந்து இறங்கினான். ஊர் முகப்பில் ஆளுயரத்துக்குக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள், போட்டவர்கள் அவனுடைய பங்காளிகள். பிற்பகல் வரை வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் தாயார் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து, பத்தடி தள்ளி வைத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும் வரை வெயிலில் நின்றார். கடைசியில் அவனே 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினான். வண்டி வந்து பரிசோதனைக்கு அழைத்துச் சென்றது. ஆனால் அன்று மாலை வந்த வேறு இருவர் முள்ளைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டார்கள். அவர்கள் எங்கே தங்கினார்கள், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்பது இன்று வரை எவருக்கும் தெரியாது. அடைத்ததால் ஊர் பிழைத்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

முள்ளோடை | மே 5, காலை 10.30

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், பாகூர் வட்டாரத்தில் இருக்கிறேன். எங்களுடைய புதுச்சேரியில் தொற்று இன்னும் மிகக் குறைவாகவே இருக்கிறது. முள்ளோடையில் சாலையை மறித்து, தக்க காரணம் இல்லாத எவரையும் உள்ளே விடாததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கடலூரில் எனக்கு உறவினர்கள் நிறைய உண்டு. தென்பெண்ணையைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் போய்வந்த வீட்டுக்கு இப்போது போக முடியாதது வருத்தந்தான். ஆனாலும் அந்தத் தடை எங்களைக் காத்திருக்கிறது. ஒரு மாநிலம் செய்தால் முன்னெச்சரிக்கை, ஒரு கிராமம் செய்தால் கொடுமை என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

களச்செவிலி | மே 5, இரவு 9.50

பகல் முழுவதும் களத்தில் இருந்துவிட்டு இப்போதுதான் இவற்றைப் படித்தேன். விருத்தாசலம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன்.

முதலில் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஆசிரியர் ஐயா. 122 பேருக்கும் நேற்று நோய் தொற்றிவிடவில்லை. சந்தையிலிருந்து வந்தவர்களைத் தேடிப் பிடித்து, மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுத்து அனுப்பி, முடிவு வந்து சேர்வதற்கு ஓரிரு நாள்கள் ஆகின்றன. இந்தக் கிருமி உடலுக்குள் நுழைந்து ஐந்தாறு நாள்களில், சிலருக்குப் பதினான்கு நாள்கள் வரையிலும்கூட, அறிகுறியைக் காட்டும். பலருக்குக் காட்டுவதே இல்லை. அப்படியென்றால் நேற்றைய அறிக்கையில் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில், சந்தையிலேயே தொற்றியிருக்க வேண்டும். அவர்களில் பலர் முடிவு வரும் முன்பே கல்லூரிகளிலும் மண்டபங்களிலும் தங்க வைக்கப்பட்டவர்கள். கண்டுபிடிக்கப்பட்ட ஒருவரால் இனி உங்கள் வீட்டாருக்கு ஆபத்து மிகவும் குறைவு. எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், சந்தையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவருக்கு நம் மாவட்டத்தில் தொற்று வந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைத்தான் நான் நாள்தோறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவதற்கு 'ஆம்' என்று பதில் வரத் தொடங்கினால் அன்று எனக்கும் உறக்கம் போய்விடும்.

நேற்று ஒரு வீட்டுக்குச் சென்றேன். சென்னையிலிருந்து யாரும் வரவில்லை என்று அந்த அம்மா வாசலை மறித்துக்கொண்டு சொன்னார். அந்த வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை என்பது என் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஆனால் கொடியில் ஆண்பிள்ளையின் கைலியும் சட்டையும் ஈரம் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்த்ததை அவரும் பார்த்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். முகக்கவசத்தை இறக்கியது தவறுதான், ஆனால் அந்த நேரத்தில் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் பேச்சை எடுத்திருக்க முடியாது. அரைமணி நேரம் கழித்து அவரே சொன்னார்: "சொன்னா ஊருல கொழாயில தண்ணி புடிக்க விடமாட்டாங்கம்மா." உள் அறையில் மகன் இருந்தான், மூன்று நாள்களாக. அதே வீட்டில் எண்பது வயதுப் பாட்டியும் இருந்தார்.

பெயர்ப் பட்டியலை வெளியிட்டால் இப்படி எத்தனை வீடுகளில் கைலியை உள்ளேயே காயப்போடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சென்னையில் ஏப்ரல் 19 அன்று தொற்றால் இறந்த நரம்பியல் மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். மருத்துவருக்கே அந்த நிலை என்றால், மூட்டை தூக்குகிறவன் தன் பெயரை எந்த நம்பிக்கையில் சொல்வான்?

முள்ளோடை நண்பருக்கு: சோதனைச்சாவடியில் ஓர் ஆள் இருக்கிறார். பெயர் எழுதுகிறார், காய்ச்சல் பார்க்கிறார், சந்தேகம் இருந்தால் மருத்துவமனைக்குச் சொல்கிறார். முள்வேலியில் அப்படி யாரும் இல்லை.

மஞ்சக்குப்பம் ஆசிரியர் | மே 6, காலை 6.55

சகோதரி, நீங்கள் விளக்கிய முறைக்கு நன்றி. எண்ணைப் பற்றிய என் புரிதல் திருந்தியது. ஆயினும் நான் முழுவதுமாக உங்கள் பக்கம் வந்துவிடவில்லை.

கண்டுபிடிக்கப்பட்டவரால் ஆபத்து குறைவு என்கிறீர்கள். அவர்கள் தங்கியிருக்கும் இடத்தை யார் பார்க்கிறார்கள்? எங்கள் பகுதி மண்டபம் ஒன்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் இரண்டே கழிப்பறைகள், ஒரே குடிநீர்த் தொட்டி. இதை அங்கே உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற என் பழைய மாணவன் சொன்னான். தொற்று இல்லாமல் உள்ளே போனவனும் தொற்றோடு வெளியே வருவதற்கு இதைவிட எளிய வழி வேண்டுமா? முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு? இறப்புகள் உடனே கணக்கில் வருவதில்லை, இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே வரும் என்பதும் எனக்குத் தெரியும். இப்போது அறுபது வயதைத் தாண்டியவர்கள் அஞ்சுவதை அறியாமை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

வணிகர், திருப்பாதிரிப்புலியூர் | மே 6, காலை 11.20

பான்பரி மார்க்கெட் அருகே மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நேற்று வரை நானும் பெயர்களை வெளியிடச் சொன்னவன்தான். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. யார் தயாரித்தார்கள் என்று தெரியாது. அதில் பதினான்காவது பெயர், பத்து ஆண்டுகளாக என் கடையில் மூட்டை இறக்குகிறவருடையது. மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர் கெடிலத்தைக்கூடத் தாண்டவில்லை, அதற்கு நான் சாட்சி. இன்று காலை அவர் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் வர மறுத்துவிட்டார். அவருடைய பெண் குழந்தை கடை வாசலில் பால் வாங்க நின்றபோது இரண்டு பேர் அவளை அதட்டி விலகச் சொன்னார்கள். நான் வெளியே வந்து பாலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், அதற்கே இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தப் பட்டியலை நானும் மூன்று பேருக்கு அனுப்பியிருந்தேன். அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

பலாத்தோப்பு | மே 6, பிற்பகல் 2.05

பெயர் மட்டும் அல்லாமல் ஊர்ப் பெயரை வெளியிடுவதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இது பலாப்பழம் அறுக்கிற காலம். எங்கள் ஊர்ப் பெயர் ஒரு குரல் பதிவில் சுற்றிய மறுநாளே, ஏற்றுமதிக்கு வர வேண்டிய வண்டி வரவில்லை. அறுத்து வைத்த பழம் இரண்டு மூன்று நாள்களில் வெடித்துவிடும். பால் ஊற்றப் போன பெண்களின் கேனைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நோயாளி ஒருவர், தண்டனை ஊருக்கு.

களச்செவிலி | மே 6, இரவு 10.15

இந்த ஓர் இடத்தில் நான் ஆசிரியர் ஐயா பக்கம் நிற்கிறேன், தோப்புக்காரர் என்னை மன்னிக்க வேண்டும். தெருவின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முகப்பில் தகரம் அடித்து, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகு அது எப்படியும் ஊரறிந்த செய்திதான். அதிகாரப்பூர்வமாக, எந்தத் தேதி வரை கட்டுப்பாடு, உள்ளே இருப்பவர்களுக்கு அரிசியும் பாலும் யார் கொண்டுவருவார்கள் என்பதோடு சேர்த்துச் சொன்னால், பொய்ப் பட்டியல்களுக்கு வேலை இருக்காது. டயாலிசிஸுக்குப் போகும் ஒருவர் எந்த வழியைத் தவிர்க்கலாம் என்று தெரிந்துகொள்ள உரிமை உடையவர். பெயரைச் சொல்வதால் அவருக்கும் கூடுதலாக ஒரு பயனும் இல்லை.

மண்டபத்தைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாங்களே கூட்டிவந்து அங்கே விடுகிறவர்கள். தொற்று உள்ளவரோடு நெருங்கிப் பழகியவருக்கு, ஐந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஏப்ரல் மாத நெறிமுறை. வந்து இறங்கிய மறுநாளே எடுத்த ஒரு சோதனையை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதே சமயம் பதினான்கு நாள்களும் நாற்பது பேரை ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைப்பதும் தனிமைப்படுத்தல் ஆகாது. பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன. வகுப்பறைக்கு நான்கு பேராகப் பிரித்து வைக்க இடம் இருக்கிறது. இதை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். என் நிலையில் உள்ளவள் சொன்னால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவே.

மஞ்சக்குப்பம் ஆசிரியர் | மே 7, காலை 7.10

பெயரை வெளியிட வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வணிகர் கடை வாசலில் நின்ற அந்தக் குழந்தையை நினைத்தால் அதற்கு மேல் வாதாட எனக்கு மனம் வரவில்லை. தெருவின் பெயர் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. கட்டுப்பாடு இல்லாமல் எவரும் ஊருக்குள் போய்க் கலந்துவிடக் கூடாது என்பதிலும் மாற்றமில்லை. முள்ளுக்குப் பதிலாக ஒரு மேசை, ஒரு நோட்டு, இரண்டு இளைஞர்கள் என்று வைத்தால் ஏற்றுக்கொள்வேன்.

வகுப்பறை யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிகளில் இருந்தவன் என்பதால், எந்தப் பள்ளியில் எத்தனை அறைகள், எத்தனை கழிப்பறைகள், எங்கே குழாயில் தண்ணீர் வருகிறது என்பதை ஓரளவு அறிவேன். மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டேன். கையெழுத்திட விரும்புவோர் தெரிவிக்கலாம். மண்டபத்தில் இருக்கும் நாற்பது பேரும் அங்கேயே இருக்கும் வரை, எண்ணிக்கை குறைந்தது என்று எந்த அறிக்கை வந்தாலும் நான் நம்பப் போவதில்லை.

பலாத்தோப்பு | மே 7, மாலை 5.30

ஐயா, என் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதகின் மேல் உட்கார்ந்திருந்த பையனுக்குத் தொற்று உறுதி என்று இன்று காலை செய்தி வந்தது. காய்ச்சலோ இருமலோ இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான் என்கிறார்கள். அவன் தாயாருக்கும் முள் போட்ட பங்காளிகளுக்கும் சேர்த்தே சளி எடுத்திருக்கிறார்கள். ஊர் முகப்பில் இப்போது முள் இல்லை, பஞ்சாயத்து நாற்காலி ஒன்று கிடக்கிறது.

அன்று மாலை திரும்பி நடந்த இருவரைப் பற்றித்தான் இன்னும் ஒரு தகவலும் இல்லை. ஒருவர் தோளில் நீலநிறப் பை, மற்றவர் கையில் கயிறு கட்டிய கோணி. விருத்தாசலம் சாலையில் மேற்கு நோக்கிப் போனதாக ஆடு மேய்க்கிறவர் சொன்னார். பார்த்தவர்கள் இருந்தால் 104-க்குச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள் இருந்தால் அவர்களும் சொல்லுங்கள், உங்கள் பெயரை இங்கே யாரும் கேட்க மாட்டோம்.