குஜராத்தின் வறண்ட பனாஸ்காண்டாவில் பால் பெருகியது. டெல்டாவுக்கு என்ன கேடு?

வடவாறு:
கோரையாறு அவர்கள் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “சொட்டு நீரில்லாத பனாஸ்காண்டா பாலில் மிதக்கிறது, காவிரி பாயும் டெல்டாக்காரன் மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ எண்ணிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்” என்பது அவர் திருவாக்கு. ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே மாட்டுக்கு அறுத்துப் போடும் குதிரைமசால் என்ற பசுந்தீவனம் மானாவாரியிலா விளைகிறது? பாய்ச்சல் தவறினால் வாடிவிடும் பயிர் அது. வடகுஜராத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டி இறங்கி, மெஹ்சானாப் பக்கம் குடிநீரில் ஃபுளோரைடு ஏறிய கதை அவருக்குத் தெரியாதா?

கோரையாறு:
வடவாறு அண்ணன் வழக்கம்போல் ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். 1969இல் பாலன்பூரில் பனாஸ் பால் ஒன்றியம் உருவானபோது அந்த மக்களுக்குக் கைகொடுத்தது பால் கூட்டுறவுச் சங்கம், கிணறு அல்ல. காலையும் மாலையும் ஊருக்குள்ளேயே பால் எடுப்பது, கொழுப்புக்கேற்ற விலை, தீவன ஆலை, சினை ஊசி ஆகியவை 1946இல் கேடா மாவட்டத்தில் தொடங்கிய ஆனந்த் கூட்டுறவு முறையிலிருந்து, அதாவது அமுல் வழியிலிருந்து, வந்தவை. நம் ஊரிலோ அறுவடை முடிந்த சூட்டோடு, மாட்டுக்குப் போட வேண்டிய வைக்கோலை இயந்திரம் உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது.

வடவாறு:
நான் குதிரைமசாலைக் கேட்டேன். அவர் சங்கத்தைக் காட்டுகிறார். அந்தப் பக்கத்துத் தராத் வழியாக ராஜஸ்தானுக்குள் போகும் நர்மதைக் கால்வாயையும் அவர் பார்த்திருக்க மாட்டார் போலும். போகட்டும், வைக்கோலுக்கு வருகிறேன். நெல் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு, மணல்சத்து அதிகம்; அதைத் தின்று வயிறு நிறையுமே தவிர மடி நிறையாது. பசுந்தீவனம் போடலாமே என்பார். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலும் கொல்லையும் ஒன்றாக நீரில் நிற்கும்போது கோ-4 தீவனப் புல்லின் தூர் அழுகுவதையும், நிற்க மேடில்லாமல் ஈரத்திலேயே கிடக்கும் கலப்பினப் பசுவுக்குக் குளம்பிடுக்கில் புண் வைப்பதையும் எங்கள் கீழத்தஞ்சைக்கு வந்து பார்க்கட்டும். நீர் அதிகமாக இருப்பதும் பாலுக்குப் பகைதான். நம் உம்பளச்சேரி மாடு சேற்றுழவுக்கென்றே வளர்ந்த இனம், கறவைக்கு ஆகாது. டிராக்டர் வந்ததும் அதன் வேலையும் போயிற்று.

வெண்ணாறு:
கடைசி வரியை வன்மையாகக் கண்டிக்கிறேன். செம்பழுப்பாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் அந்தக் கன்றைத் தொட்டு வளர்த்தவன் இப்படி எழுத மாட்டான். கொருக்கையில் அரசுப் பண்ணை வைத்து இந்த இனத்தைக் காப்பது வேறு வேலை இல்லாமலா?

வடவாறு:
காப்பது வேறு, கறப்பது வேறு. நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டை வைத்துக்கொண்டு எந்தச் சங்கத்துக்குப் பால் ஊற்றுவது? குதிரைமசாலுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

கோரையாறு:
உளுந்து விவாதத்திலும் இவர் இப்படித்தான் விதை நேர்த்தி ஒன்றையே இரண்டு நாள் சவைத்தார், இன்னும் மறக்கவில்லை. பாசனம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம்; பாசனம் மட்டும் போதுமென்றால் காவிரிப் பாசனம் ஏன் பாலாகவில்லை? அண்ணன் எப்போதாவது சங்கத்தில் பால் ஊற்றியதுண்டா?

வடவாறு:
உண்டு, தம்பி. எங்கள் ஊர்ச் சங்கத்தில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்ததோடு விலை போட்டார்கள். கொழுப்பு எவ்வளவு என்று ஒரு நாளும் சீட்டில் எழுதியதில்லை. லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியைக் காட்டும் கருவி. தண்ணீர் கலந்தால் இறங்குவதைப் போலவே கொழுப்பு கூடினாலும் அளவு இறங்கும், ஆடையெடுத்த பாலுக்கோ ஏறும். நல்ல பால் கொண்டுபோனவனைத் தண்ணீர் கலந்தவனைப் போலப் பார்த்தார்கள். இப்போதும் என் வீட்டுப் பால் டீக்கடைக்குத்தான் போகிறது.

கோரையாறு:
கருவி சரியில்லையென்றால் பொதுக்குழுவில் எழுந்து கேட்டிருக்க வேண்டும். பனாஸ்காண்டாக்காரன் கேட்டான்.

வடவாறு:
கேட்டதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்களாக்கும். அப்படியே குதிரைமசாலுக்கு எத்தனை நாளுக்கொரு தடவை மோட்டார் போட்டான் என்றும் விசாரித்திருக்கலாம்.

வெண்ணாறு:
உம்பளச்சேரி பற்றிய வரியை வடவாறு இன்னும் நீக்கவில்லை.