ஐட்லிங்கில் மட்டும் பொல்யூஷன் ஃபெயில்: ஆக்சிஜன் சென்சாரா, கன்வெர்ட்டரா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ் 4 மாசுத் தரம், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகச் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. நேற்று பங்க்கில் பொல்யூஷன் டெஸ்டுக்குப் போனேன். 25 நிமிட வரிசை. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.62 சதவீதம், 0.3-ஐத் தாண்டக் கூடாதாம். ஹைட்ரோகார்பன் 170 பிபிஎம், வரம்பு 200 என்பதால் தப்பியது. 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது கார்பன் மோனாக்சைடு 0.12, காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் லாம்டா 1.01. ஸ்கேனரில் பி0135 என்ற எரர் கோட் மட்டும்தான். மைலேஜும் 15-லிருந்து 12-க்கு இறங்கிவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஆக்சிஜன் சென்சார், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் எல்லாம் மாற்ற 46,000 ரூபாய் கேட்கிறார்கள். பேசாமல் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள் என்கிறாள் மனைவி. பழைய சான்றிதழ் இன்னும் 11 நாள்தான்.

ஓஎம்ஆர் ரைடர்:
டேங்க்கில் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றுங்கள் ப்ரோ. பேட்டரி டெர்மினலைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டினால் விளக்கும் அணைந்துவிடும்.

ஷெட்டுக்காரர்:
விளக்கு அணையும், இரண்டு நாளில் திரும்ப எரியும். கூடவே எஞ்சின் கம்ப்யூட்டர் இத்தனை நாள் பழகி வைத்திருந்த பெட்ரோல் கணக்கும் அழிந்துபோகும். அது வேண்டாம் தம்பி.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் 30 வருடம் ஷெட் வைத்திருந்தவன் நான். உங்கள் சீட்டில் உள்ள நம்பர்களை இரண்டு தடவை படித்தேன். கன்வெர்ட்டர் செத்திருந்தால் 2,500-இல் 0.12 வந்திருக்காது, பெரும்பாலும் கன்வெர்ட்டர் சரியில்லை என்று சொல்லும் பி0420 கோடும் எழுந்திருக்கும். ரேஸ் கொடுத்தால் பாஸ், ஐட்லிங்கில் ஃபெயில் என்றால் எனக்குச் சந்தேகம் சூட்டின் மேல்தான். சென்சாருக்குள் இருக்கும் சிர்கோனியா சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்காகவே உள்ளே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பி0135 என்பது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் முன் சென்சாரின் அந்த ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்ற அர்த்தம். சென்சாரே போய்விட்டது என்று அது சொல்லவில்லை. ஓடும்போது எக்ஸாஸ்ட் சூட்டிலேயே சமாளித்துவிடும். வரிசையில் 25 நிமிடம் நின்றீர்கள் இல்லையா, அப்போது ஆறிப்போயிருக்கும். கம்ப்யூட்டர் குருட்டுக் கணக்கில் பெட்ரோலைக் கூட்டி ஊற்றியிருக்கும்.

முதலில் ஃபியூஸ். அப்புறம் சென்சார் வயரை வண்டி வயரோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருக்கும், அவைதான் ஹீட்டர். மல்டிமீட்டரில் சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் முன் சென்சார் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஹீட்டர் நன்றாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு வண்டிப் பக்கத்துக் கப்ளரைப் பாருங்கள், ஒரு பின்னில் 12 வோல்ட் வந்தாக வேண்டும். வரவில்லையா, வயரிங்கைத் தேடுங்கள். எலி கடித்ததா, தண்ணீரில் நின்றதா?

வேளச்சேரிவாசி:
தண்ணீர்! 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பம்பர் வரை மூழ்கி இரண்டு நாள் நின்றது. ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்துதான் எடுத்தேன். அப்போது எல்லாம் சரியாக இருந்ததே என்று இதைச் சொல்லவே தோன்றவில்லை.

இன்று காலை பார்த்தேன். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஹீட்டர் 7 ஓம்ஸ். கப்ளரில் 12 வோல்ட் வரவில்லை. பிரித்தால் ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் ஒடிந்தே போனது. வயரை சால்டர் வைத்து ஒட்டி, மேலே சிலிக்கான் பூசிவிடவா?

ஷெட்டுக்காரர்:
இரண்டுமே கூடாது. இந்த வகைச் சென்சார் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் ஆக்சிஜனை அளக்கிறது, பலவற்றில் அந்தக் காற்று வயருக்குள் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் போகிறது. ஈயமோ கிரீஸோ அடைத்தால் மூச்சு முட்டிவிடும். சிலிக்கான் ஆவி பட்டாலும் சென்சார் கெடும். புதுப்பேட்டையில் அதே மாடல் கப்ளரை வயரோடு வாங்கி, கிரிம்ப் செய்து, அதாவது சால்டர் இல்லாமல் அழுத்தி இணைத்து மாட்டுங்கள். ஸ்கேனரில் அந்த பி0135-ஐ அழித்துவிட்டு ஒரு 40 கி.மீ. ஓட்டுங்கள். முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், கன்வெர்ட்டரைத் தாண்டி இருக்கும் பின் சென்சார் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் சேர்ந்து ஆடினால் அன்றைக்குக் கன்வெர்ட்டரைப் பற்றிப் பேசலாம். டெஸ்டுக்குச் சூட்டோடு போங்கள், வரிசையில் எஞ்சினை அணைக்க வேண்டாம், ஏசியை மட்டும் அணையுங்கள்.

வேளச்சேரிவாசி:
கப்ளர் 250 ரூபாய். சிறுசேரி வரை ஓட்டிவிட்டு நேரே பங்க்கில் நின்றேன். ஐட்லிங்கில் 0.05, ஹைட்ரோகார்பன் 48. பிஎஸ் 4 என்பதால் ஒரு வருடத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. பின் சென்சார் 0.7-இல் அப்படியே நிற்கிறது. மைலேஜ் இந்த டேங்க் முடிந்ததும் சொல்கிறேன்.

ஓஎம்ஆர் ரைடர்:
ப்ரோ, என் வண்டியிலும் இதே மாதிரி, பின் சென்சார் ஹீட்டருக்கான பி0141. மிக்ஜாமில் பள்ளிக்கரணையில் நின்ற வண்டிதான். ஷெட்டுக்காரர் அண்ணே, இதற்கும் கப்ளர்தானா?