‘வன்குழுப் படம்’ வேண்டாம்: கேங்ஸ்டர் படத்துக்கு வேறொரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கேங்ஸ்டர் படத்துக்குத் தமிழ்ச்சொல்லாக ‘வன்குழுப் படம்’ என்பதை நம் மடலாடற்குழுவின் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டீர்கள். ஒரு கிழமை பொறுங்கள். சென்னையில் இருந்து பார்த்தால் அந்தச் சொல்லில் குறை தெரியாது. சொற்புணர்ச்சி சரி, ஓசையும் சரி. யாழ்ப்பாணத்தில் அதை வாசிப்பவருக்குச் சினிமா நினைவுக்கு வராது. காலைப் பத்திரிகையின் முதற்பக்கம்தான் வரும். இங்கே குழு என்றால் ஆயுதக்குழு, இராணுவத்தோடு ஒட்டி இயங்கிய ஒட்டுக்குழு, அண்மைக் காலமாக வாள்வெட்டுக் குழு. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து, படலையைக் கொத்தி, ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்குப் பின்னணி இசை கிடையாது. (நம் மடலாடலையும் குழு என்றுதான் சொல்கிறோம் என்று யாரும் என்னை மடக்க வேண்டாம்.)

எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. எங்கள் ஊர் வாசிகசாலையில் அடுத்த மாதம் நாயகன் திரையிடுகிறோம். துண்டுப்பிரசுரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ‘1987இல் வெளிவந்த, தமிழின் முக்கியமான’ என்று எழுதிவிட்டு அங்கேயே நிற்கிறேன். கேங்ஸ்டர் என்றே விட்டுவிடலாம் என்றால் அதை எப்படி எழுதுவது என்பதில் வாசிகசாலையிலேயே மூன்று கட்சி.

இதுவரை வந்த மற்றச் சொற்களையும் பார்த்தேன். தாதா வடக்கிலிருந்து வந்து தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் இங்கே தாதி என்றால் நர்ஸ். ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக இருக்கும் என் மைத்துனரை வீட்டில் தாதா என்றுதான் கேலி செய்வோம்; ஊசி போடும்போதுகூடக் கை நடுங்குகிற மனிதர். நிழலுலகப் படம் என்பதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், நிழற்படம் காதில் விழும். பாதாள உலகம் கொழும்புச் செய்திகளில் அன்றாடம் அடிபடுகிற சொல். சிங்களத்திலும் அதே பாதாளம்தான். எனக்கோ பாதாளம் என்றதும் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டி மட்டும் நினைவுக்கு வருகிறது.

காடையர் என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்திலும் எங்கள் வீடுகளைக் கொளுத்தியவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அதைக் கொண்டுபோய்க் கமல்ஹாசனுக்குச் சூட்ட முடியாது.

சரி, அந்த வகைப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? குற்றம் மட்டும் என்றால் துப்பறியும் படத்திலும் குற்றம் உண்டு. நாயகனையே எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் மணிரத்னம் மனத்தில் வைத்திருந்தது பம்பாய் நிழலுலகில் கோலோச்சிய வரதராஜ முதலியாரை. ஆனால் படத்தின் பெரும்பகுதிக்கு இயக்குநர் பம்பாய் போகவில்லை. கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் ஒரு தாராவியையே கட்டி எழுப்பினார். துப்பாக்கியும் பணப்பெட்டியும் போதும் என்றால் எதற்கு ஒரு சேரி முழுவதும்? ஒழுங்கைகள் வேண்டும், அந்த ஒழுங்கைகளில் குடியிருக்கிற சனம் வேண்டும், அவர்கள் ஒருவனிடம் வந்து முறையிட வேண்டும். அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த பையன் வேலு நாயக்கர் ஆகிறான். கமலின் நடிப்புக்கும் பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவுக்கும் கிடைத்ததுபோல, அந்தச் சேரிக்கும் தேசிய விருது கிடைத்தது.

தலைப்புகளைக் கவனித்தீர்களா? நாயகன். 1991இல் தளபதி. 1995இல் பாட்ஷா. ஒன்றிலாவது குற்றம் இல்லை, எல்லாம் பதவிப் பெயர்கள். நாயகன் 1988இல் இந்திக்குப் போனபோது தயாவான் ஆயிற்று, அதாவது இரக்கமுள்ளவன். படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் வன்முறையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

எனக்கு இது புரிந்தது பெரியம்மாவால். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில் நாயகன் அங்கே வெளியானது. அதே நாள்தான் இங்கே இந்திய இராணுவம் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளரையும் மருத்துவரையும் தாதியரையும் சுட்டது. படத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? நாங்கள் அதைப் பார்த்தபோது ஆண்டுகள் ஓடிவிட்டன, 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரமும் இல்லை. வாடகைக்கு எடுத்த வீடியோ டெக், தொலைக்காட்சி, ஜெனரேட்டர் மூன்றும் ஒரே வண்டியில் வந்தன. கொஞ்சம் பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாற்றும்போது இயந்திரம் ஒருமுறை இருமும். திரையில் ஆட்களும் சுருங்கி விரிவார்கள். வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டியிருந்தோம். வேலுவிடம் ஊர்ச்சனம் முறையிடும் இடத்தில் ஒரு பையன், “சரியான சண்டியன்!” என்றான். பாயில் சாய்ந்திருந்த பெரியம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “இவன் சண்டியன் இல்லைத் தம்பி. விதானையார்.”

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: விதானையார் என்பவர் கிராம அலுவலர். பிறப்புக்கும் இறப்புக்கும் காணித் தகராற்றுக்கும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

சண்டியன், விதானையார் இரண்டும் ஒரே சொல்லுக்குள் வர வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை, ஓர் எழுத்தை மாற்றினால் போதும். சண்டியன் என்றால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தியில் நிற்கிறவன். சண்டியர் என்றால், அவர் முன்னால் நாம் நிற்கிறோம். அந்த ‘ர்’ பன்மையையும் தரும், மரியாதையையும் தரும், மரியாதைக்குள் இருக்கிற பயத்தையும் தரும். ஆகவே ‘சண்டியர் படம்’. கூட்டத்தைக் குறிக்க அடியாட்கூட்டம். அடியாள் நமக்கெல்லாம் பொதுவான சொல், குழுவையும் தவிர்த்துவிடலாம். ஆளைக் குறிக்கத் தமிழ்நாட்டில் தாதா இருந்துவிட்டுப் போகட்டும். என் மைத்துனர் பொறுத்துக்கொள்வார்.

யாழ்ப்பாணத்திலிருந்து

*

சென்னையிலிருந்து வந்த மறுமொழி:

ஐயா, ‘ர்’ பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இருந்தாலும் ஒரு சிக்கல். இங்கே சண்டியர் என்றால் மதுரைப் பக்கத்துக் கிராமமும் மீசையும் வேட்டியும்தான் கண்முன் வரும்; கூடவே சாதியும் வந்துவிடும். அந்தத் தலைப்போடு தொடங்கிய கமல் படம் ஒன்று, எதிர்ப்பு எழுந்து, 2004இல் விருமாண்டி என்ற பெயரில்தான் வெளிவந்தது. ஒரு படத்துக்கே வைக்க முடியாத பெயரை ஒரு வகை முழுவதற்கும் வைப்பதா? புதுப்பேட்டை, வடசென்னை போன்ற நகரத்துப் படங்களுக்கு அது பொருந்துமா? உங்களுக்குக் குழு எப்படியோ, எங்களுக்குச் சண்டியர் அப்படி. பரிசீலியுங்கள்.

*

என் பதில்:

ஒப்புக்கொள்கிறேன். விருமாண்டி சங்கதியை நான் மறந்தே போனேன். மறக்கக் கூடாத ஒன்று. காடையர் வேண்டாம் என்று நான் சொன்ன அதே நியாயம்தான் இது. பட்டியலில் ‘சண்டியர் படம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘இலங்கை வழக்கு’ என்று குறித்து வையுங்கள். தமிழ்நாட்டுக்கு எது என்பதை நீங்களே பேசி முடியுங்கள், ஆனால் வன்குழுவை மட்டும் இங்கே அனுப்பாதீர்கள். அடியாட்கூட்டத்தை யாரும் எதிர்க்கவில்லை; அதை இரு நாட்டுக்கும் பொதுவாக ஏற்றிவிடலாம்.

துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போய்விட்டது. ‘தமிழின் முக்கியமான சண்டியர் படம்’ என்றே கொடுத்தேன். வாசிகசாலைச் செயலாளர் அதை வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேனாவை வாங்கி, அதற்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘குடும்பத்துடன் வரலாம்.’